அத்தியாயம் 6: லோடோடு ஓட்டிப் பார்க்க வேண்டிய வண்டி

கொடுமுடிப் பக்கம் சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கொப்பரை ஏலம் நடக்கிற நாளில், வாசலுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்று, வருகிற பிக்கப்புகளின் பின்சக்கரங்களை மட்டும் கவனிக்கலாம். ஒரு வண்டியில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும். அடுத்ததில் நாலு விரல் நுழையாது. மூன்றாவது வண்டி மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும். பின்னால் நிற்கிற சுமைதூக்கும் தொழிலாளி, ‘ஏனுங்ண்ணா, பின்னால சாஞ்சிருக்குதுங்களே’ என்று சொல்லிவிட்டே முதல் மூட்டையில் கை வைப்பார். மூன்றும் ஒரே கம்பெனி வண்டியாகக்கூட இருக்கலாம். அடுக்கிய விதம் வேறு, ஸ்பிரிங் பட்டாவின் வயது வேறு, மேலே கட்டிய கூண்டின் எடை வேறு.

ஷோரூம் தருகிற டெஸ்ட் டிரைவில் இதில் எதுவும் தெரியாது. வெறும் வண்டி, நல்ல தார் ரோடு, பக்கத்தில் விற்பனைப் பிரதிநிதி, இரண்டு கிலோமீட்டர், அவ்வளவுதான். காலி பிக்கப்பும் ஒரு டன் ஏற்றிய பிக்கப்பும் பிரேக்கில், திருப்பத்தில், ஏற்றத்தில், குழியில் விழுந்து எழுவதில் வெவ்வேறு வண்டிகள். எந்த வேலைக்கு வாங்குகிறோமோ அந்த லோடை ஏற்றி, எந்த ரோட்டில் ஓடப் போகிறதோ அந்த ரோட்டில் ஓட்டாமல் பிக்கப்பைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வேலையைப் பற்றித்தான்.

முதலில், எந்த அளவு வண்டியைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக வேண்டும். அமெரிக்காவில் ‘முழு அளவு பிக்கப்’ என்றால் ஃபோர்டு எஃப்-150, ராம் 1500 வகையறா. நாலு கதவு எஃப்-150 ஒன்றின் நீளம் ஏறத்தாழ 5.9 மீட்டர், கண்ணாடிகளை விட்டுவிட்டு அகலம் மட்டும் 2 மீட்டருக்கு மேல். காலிங்கராயன் வாய்க்கால் கரையோர ரோட்டில் எதிரே கரும்பு டிராக்டர் வந்தால், இரண்டில் ஒன்று வாய்க்காலில்தான் இறங்க வேண்டும். இந்தியச் சந்தையில் அந்த உருவத்துக்குக் கிட்டே வருபவை இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸும் டொயோட்டா ஹைலக்ஸும். வி-கிராஸ் 2016-இலிருந்து ஆந்திரத்தின் ஸ்ரீசிட்டி ஆலையில் தயாராகி வருகிறது. ஹைலக்ஸ் 2022-இல் இங்கே விற்பனைக்கு வந்தது, நீளம் 5.3 மீட்டரைத் தாண்டும், அகலம் 1.85 மீட்டர்.

ஆனால் கொங்கு நாட்டில் ‘பிக்கப்’ என்று சொன்னால் கண்முன் வருவது மஹிந்திரா பொலிரோ பிக்கப்தான். அதற்கு முந்தைய தலைமுறைக்கு 1988-இல் அறிமுகமான டாடாமொபைலும் அதன் வழிவந்த 207-உம். 2005-இல் வந்த டாடா ஏஸ், இரண்டே சிலிண்டரும் 16 குதிரைத்திறனும் வைத்துக்கொண்டு மினி லாரிச் சந்தையையே புரட்டிப் போட்டது. 2011-இல் அசோக் லேலண்ட், நிசானோடு சேர்ந்து ஓசூரிலிருந்து தோஸ்த்தை இறக்கியது. டாடா யோதா, இன்ட்ரா என்று வரிசை இன்னும் நீள்கிறது. இவற்றுக்குள் தேர்ந்தெடுக்க எஞ்சினிலிருந்து தொடங்குவது பலரின் வழக்கம். தொட்டியிலிருந்து தொடங்குவதே சரி.

தொட்டி என்பது மூன்று கேள்வி: எவ்வளவு நீளம், எவ்வளவு உயரத்தில், எத்தனை பக்கம் திறக்கும்? பொலிரோ போன்ற தொழில்முறை பிக்கப்புகளில் தளம் சக்கரத்துக்கு மேலே சமமாகப் போகிறது. மூன்று பக்கப் பலகையும் கீழே சாயும். ஏலக்கூடத்தின் மேடையில் பக்கவாட்டில் ஒட்டி நிறுத்தி மூட்டையை இழுத்துப் போட முடியும். ஒன்பதடித் தளத்தில் மூட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் போட்டுக் கட்டுமானமாக அடுக்கலாம். ஹைலக்ஸ், வி-கிராஸ் தொட்டியின் கதை வேறு. நாலு கதவு கேபினுக்குப் போக மிஞ்சுவது சுமார் ஐந்தடி. உள்ளே இரண்டு பக்கமும் சக்கர வளைவு புடைத்து நிற்கும். திறப்பது பின்கதவு மட்டும். வாழைத்தாரை இதில் ஏற்றினால் வளைவில் உரசி சீப்பு நசுங்கும். இறக்க ஒருவர் தொட்டிக்குள் ஏறித்தான் ஆக வேண்டும். தோட்டத்துக்கு மோட்டார், பைப், இரண்டு மூட்டை உரம் கொண்டுபோக அது தாராளம். மண்டிக்கு லோடு அடிக்க அது ஆகாது.

தள உயரத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை. நாற்பது ஐம்பது கிலோ மூட்டையை நாள் முழுக்கத் தூக்குகிறவர் உடம்புக்குத்தான் அது தெரியும். இடுப்பு உயரத்தில் தளம் இருந்தால் மூட்டையைச் சாய்த்துத் தள்ளிவிடலாம். நெஞ்சு உயரத்துக்கு வந்தால் தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டும். வேகம் குறையும், கூலியும் பேச்சும் கூடும். வாங்கப் போகும்போது வழக்கமாக ஏற்றுகிற ஆள் ஒருவரையும் கூட்டிப் போவது நல்லது. கேபினில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் தடவுகிறவருக்குத் தெரியாத பல குறைகள் அவர் கண்ணில் முதலில் படும்: பலகையின் கொண்டி கையைக் கிழிக்கிறதா, கயிறு கட்டும் கொக்கிகள் போதுமா, தார்ப்பாய் இழுத்துக் கட்டினால் ஓரம் கிழியுமா.

மாடு ஏற்றுகிறவர்களுக்கு இன்னொரு கணக்கு உண்டு. கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்குக் காங்கேயம் காளை கொண்டுபோகும் வண்டியில், வெறும் இரும்புத் தகட்டுத் தளம் ஆபத்து; சாணியும் மூத்திரமும் பட்டால் குளம்பு வழுக்கும். ரப்பர் விரிப்போ வைக்கோல் மெத்தையோ கட்டாயம். மூட்டை போட்ட இடத்தில் கிடக்கும், காளை கிடக்காது. திருப்பத்தில் அது ஒரு பக்கம் சாய்ந்தால் வண்டியின் எடையும் அந்தப் பக்கம் போகும். இந்த வேலைக்கு உயரமான குறுகிய வண்டியை விடத் தாழ்வான அகல வண்டியே பாதுகாப்பு.

அடுத்தது எடை. விளம்பரத்தில் போடும் சுமைத்திறனை அப்படியே நம்பி லோடு பேசுகிறவர்கள் நிறையப் பேர். கணக்கு எளிது. ஆர்.சி.யில் இருக்கிற மொத்த எடையிலிருந்து வண்டியின் காலி எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் சுமை. மொத்த எடை 2,990 கிலோ, காலி எடை 1,690 கிலோ என்று ஒரு வண்டியை வைத்துக்கொள்வோம். மிச்சம் 1,300. இதற்குள்தான் ஓட்டுநரும் உதவியாளும் வருவார்கள், 140 போச்சு. மேலே கம்பிக் கூண்டு, கூடுதல் தகடு, ஸ்டெப்னிக்குத் தனித் தாங்கி என்று பாடி கட்டும் பட்டறையில் சேர்த்த இரும்பு 150 கிலோ என்றால் அதுவும் போச்சு. கடைசியில் கையில் நிற்பது ஒரு டன்னும் பத்து கிலோவும். அதனால் பாடி கட்டி முடித்த கையோடு, வண்டியை எடைமேடையில் ஏற்றி ரசீது வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். செலவு அற்பம், ஆனால் அந்த வண்டியின் உண்மையான காலி எடையைச் சொல்லும் காகிதம் அது ஒன்றுதான்.

லோடின் எடை கண்ணை ஏமாற்றும். உரித்த தேங்காய் ஒன்று ஏறத்தாழ அரைக் கிலோ; இரண்டாயிரம் காய் போட்டால் ஒரு டன். தேங்காய் மட்டையோ மலைபோல் குவிந்தாலும் எடை நிற்காது, தார்ப்பாய்க்குத்தான் வேலை. சிமெண்ட் இருபது மூட்டையில் ஒரு டன் முடிந்துவிடும். தொட்டியில் பாதிகூட நிறைந்திருக்காது. எம்-சாண்டில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. அரை யூனிட் தானே என்று ஏற்றினால் இரண்டு டன்னைத் தாண்டிவிடும். இரண்டு டன் சுமைத்திறன் சொல்லி வந்த யோதா 2.0, பொலிரோ மேக்ஸ் பிக்கப் எச்டி 2.0 போன்ற மாடல்களுக்கே அது மிகை. மற்றவற்றின் பட்டாவுக்கு அன்றோடு ஆயுள் பாதி.

சட்டமும் இங்கே எடையை வைத்துத்தான் பேசுகிறது. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-ஆம் பிரிவுப்படி பர்மிட் வேண்டாம். சில மாடல்களின் மொத்த எடை 3,000-ஐ ஒட்டிக் கீழே வந்து நிற்பதற்கு இதுவும் காரணம். அதிக பாரத்துக்கு, 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 சேர்கிறது. இறக்கி வைக்கிற செலவு தனி. ஓட்டுநர் உரிமத்தில் இருந்த பழைய குழப்பத்தை உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் தீர்த்து வைத்தது. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையிலான போக்குவரத்து வாகனத்தைத் தனி அனுமதி இல்லாமல் ஓட்டலாம். சரக்கு வாகனமாகப் பதிவானதற்கு மஞ்சள் பலகை, முதல் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி., பிறகு ஆண்டுதோறும். வெள்ளைப் பலகையோடு சொந்தப் பயன்பாட்டுக்குப் பதிவு செய்த வி-கிராஸை வாடகை லோடுக்கு அனுப்பக் கூடாது.

இனி பட்டா. பொலிரோ, தோஸ்த், ஹைலக்ஸ், வி-கிராஸ் என்று விலையில் ஏணி வைத்தாலும் எட்டாத வண்டிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பது ஒரே சங்கதி: அடுக்கடுக்கான இரும்புப் பட்டா. ஒரு டன்னைத் தாங்க வேண்டிய பட்டா, காலியாக ஓடும்போது விறைப்பாகத்தான் இருக்கும். வேகத்தடையில் பின்பக்கம் குதிக்கும், ஈர ரோட்டில் லேசாக வால் ஆட்டும். முப்பது லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஹைலக்ஸ் வாங்கிவிட்டு, பின்சீட்டில் அப்பச்சிக்கு முதுகு வலிக்கிறது என்று புலம்புகிறவர் கார் வாங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவில் ராம் 1500, 2009 மாடலிலிருந்து பின்பக்கம் சுருள் ஸ்பிரிங்குக்கு மாறியது. டொயோட்டா டண்ட்ரா 2022 மாடலில் மாறியது. அங்கே முழு அளவு பிக்கப் பாதி நாள் குடும்ப வண்டி என்பதால் அந்த மாற்றம். நாலு கதவு எஃப்-150-களில் பலவற்றின் சுமைத்திறன் ஒரு டன்னைத் தொடுவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 400 குதிரைத்திறன் எஞ்சின் வைத்த அந்த வண்டி இழுப்பதில் சூரன். தொட்டியில் சுமப்பதில், 75 குதிரைத்திறன் பொலிரோ அதை முந்திவிடுகிறது.

பட்டாவைச் சோதிக்க ஒரு வழி போதும். காலியாக நிற்கும்போது பின் அச்சுக்கும் சேஸிஸில் உள்ள ரப்பர் கட்டைக்கும் இடையே எத்தனை விரல் இடைவெளி என்று குனிந்து பார்க்க வேண்டும். முழு லோடு ஏற்றியபின் மறுபடி. அனுமதித்த எடையிலேயே கட்டையைத் தொட்டுவிட்டால் குழியில் இடி நேராகச் சேஸிஸுக்குப் போகும். பட்டறையில் ‘ஒரு பட்டா சேர்த்துப் போட்டுக்கலாம்ங்க’ என்பார்கள். கொங்கு நாட்டில் புது வண்டி எடுத்ததும் பிள்ளையார் கோயிலுக்கு அடுத்தபடி போகிற இடம் அந்தப் பட்டறைதான். வண்டி நிமிரும், உண்மை. பிரேக்கும் அச்சும் டயரும் பழையபடியேதான் இருக்கும், அதுவும் உண்மை.

டயரில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழக வேண்டும். அளவுக்குப் பின்னால் வரும் எண் சுமைக் குறியீடு. 109 என்றால் ஒரு டயர் 1,030 கிலோ தாங்கும். பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். புது வண்டியிலும் ஸ்டெப்னி பழசாக வருவதுண்டு.

பிரேக்கை வெறும் வண்டியில் பார்ப்பது நேர விரயம். பெரும்பாலான பிக்கப்புகளில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். சில மாடல்களில் பின் அச்சோடு இணைந்த ஒரு வால்வு, லோடு கூடக்கூடப் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும். கூடுதல் பட்டா போட்டு வண்டியை உயர்த்தினால் இந்த வால்வு லோடே இல்லை என்று நினைத்துக்கொள்ளும். ஏற்றியிருப்பது ஒன்றரை டன்னாக இருக்கும், பின் பிரேக்கோ காலி வண்டிக்கான அளவில் வேலை செய்யும். பட்டா சேர்த்தவர்கள் இந்த வால்வையும் சரிசெய்யச் சொல்லிக் கேட்பது அபூர்வம்.

சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. தாளவாடிக் காய்கறி லோடோடு திம்பம் இறங்குகிறவருக்கு பிரேக்கை விட கியர்தான் முக்கியம். ஏறின கியரிலேயே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, கீழ் வளைவுகளில் மிதி பஞ்சாகிவிடும். கொடுமுடியைச் சுற்றி இப்படி மலை இல்லை. ஆனாலும் வாய்க்கால் பாலத்து ஏற்றம் இருக்கிறது, ரயில்வே மேம்பாலங்கள் இருக்கின்றன. முழு லோடோடு ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கில் மட்டும் ஒரு நிமிடம் நிற்கிறதா, பின்னால் உருளாமல் கிளம்புகிறதா என்று பார்த்தால் கிளட்ச், கியர் விகிதம், ஹேண்ட் பிரேக் மூன்றும் ஒரே இடத்தில் தெரிந்துவிடும்.

எஞ்சினைப் பற்றி இவ்வளவு தாமதமாகப் பேசக் காரணம், இந்த வகுப்பில் மோசமான எஞ்சின் அநேகமாக இல்லை என்பதுதான். பார்க்க வேண்டியது குதிரைத்திறனை அல்ல, முறுக்கு விசை எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதை. பொலிரோ பிக்கப்பின் இரண்டரை லிட்டர் டீசல் ஏறத்தாழ 200 நியூட்டன் மீட்டரை 1,400 சுற்றிலேயே தந்துவிடுகிறது. மேட்டில் கியரைக் குறைக்காமல் ஏற அதுதான் கை கொடுக்கும். ஹைலக்ஸின் 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன். நெடுஞ்சாலையில் அது பறக்கும்; சிவகிரி ரோட்டில் பறக்க இடமில்லை.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபின் டீசல் வண்டிகளுக்குப் புதுத் தொந்தரவு ஒன்று சேர்ந்தது. புகைத் துகளைப் பிடிக்கும் வடிகட்டி தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்ய, எஞ்சின் சூடேறிச் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் மூன்று கிலோமீட்டர் போய் வருகிற வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது; டேஷ்போர்டில் விளக்கு எரியும். வாரத்துக்கு ஒரு நடை ஈரோட்டுக்கோ கரூருக்கோ லோடு இருந்தால் பிரச்சினை இல்லை. உள்ளூரோடு சரி என்பவர்கள் சி.என்.ஜி. மாடலையோ, 2022-இல் வந்த ஏஸ் மின்சார வண்டியையோ விசாரிக்கலாம். ஆனால் எரிவாயு நிரப்பும் இடமும் சார்ஜ் போடும் இடமும் எத்தனை கிலோமீட்டரில் என்பதை முதலில் ஓட்டிப் பார்த்துவிட்டு.

சொகுசு என்ற சொல்லே பிக்கப்புக்குப் பொருந்தாது என்கிற பழைய பிடிவாதம் இன்னும் உண்டு. பங்குனி, சித்திரையில் ஈரோடு, கரூர்ப் பரமத்தி வட்டாரம் 40 டிகிரியைத் தாண்டும். ஏஸ், தோஸ்த் போன்றவற்றில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நண்பகல் லோடில் அந்தச் சூடு தொடை வழியாக ஏறும். சரக்கு வாகன கேபினில் ஏ.சி. கட்டாயம் என்று 2025 அக்டோபரிலிருந்து நடைமுறைக்கு வந்த விதி 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான். பிக்கப்புக்கு அது வராது. ஆகவே ஏ.சி. உள்ள மாடலுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதா என்ற முடிவு வாங்குகிறவர் கையில். ஓட்டப் போவது சம்பள டிரைவர் என்றால் ‘எதுக்குங்க’ என்று விட்டுவிடுகிறார்கள். வியர்வையில் கண் எரிய ஓட்டுகிறவரிடம் லோடைக் கொடுத்து அனுப்புவது சிக்கனம் அல்ல.

சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். நடுவில் இருப்பவர் முழங்காலில் கியர் தண்டு இடிக்கிறதா? கிளட்ச் மிதியை நெரிசலில் மிதிப்பதுபோல் இருபது முப்பது தடவை மிதித்தால் கால் சொல்லும். பின்கண்ணாடி வழியாகத் தொட்டி தெரிகிறதா, கூண்டு கட்டியபின் தெரியுமா, பக்கக் கண்ணாடிகள் அகலமாக அடுக்கிய லோடைத் தாண்டிக் காட்டுகின்றனவா? லோடு ஏறினால் முன்பக்கம் தூக்கும், ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஒளியைத் தாழ்த்தும் திருகு டேஷ்போர்டில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். இருந்தும் தொடாமலே வண்டியை விற்றுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நாலு கதவு கேபின் வேண்டும் என்ற ஆசைக்குப் பின்னால் இந்த வட்டாரத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. கோயில் கும்பாபிஷேகம், நோன்பு என்றால் கொடுமுடிக்கு வந்து காவிரித் தீர்த்தம் எடுத்துப் போவது கொங்கு ஊர்களின் வழக்கம். ஊரே பிக்கப் தொட்டியில் ஏறி நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு வரும். சரக்கு வாகனத் தொட்டியில் ஆள் ஏற்றுவது குற்றம். விபத்து என்றால் இன்சூரன்ஸ் இழப்பீட்டில் பெரும் சிக்கல். ஐந்து பேருக்குச் சட்டப்படி சீட் உள்ள கேபின் அந்தவரை நல்லது. ஆனால் அதற்கு விலையாகத் தொட்டியில் பாதி போகிறது. குடும்பமும் மண்டியும் ஒரே வண்டியில் என்பது காகிதத்தில் அழகாக இருக்கும். ஒரு பொலிரோவும் ஒரு பழைய காரும் சேர்ந்து ஹைலக்ஸின் பாதி விலைக்குள் முடியும் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

டெஸ்ட் டிரைவுக்கு லோடு ஏற்ற ஷோரூம்காரர்கள் பெரும்பாலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்கு வழி, அதே மாடலை ஓராண்டாவது ஓட்டிய சொந்தக்காரர் ஒருவரைப் பிடிப்பது. ஏலக்கூட வாசலில் அப்படிப் பத்துப் பேர் நிற்பார்கள். ஒரு நடைக்கு வாடகை பேசி, பக்கத்தில் உட்கார்ந்து போய், எடைமேடை ரசீதையும் வாங்கிக்கொள்ளலாம். அவரிடம் மைலேஜ் கேட்டால் பெருமைக்காகக் கூட்டிச் சொல்வார். கடைசியாகக் கிளட்ச் பிளேட் எப்போது மாற்றினார், பின் டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, பட்டா எத்தனை முறை உடைந்தது, ஸ்பேர் கொடுமுடியில் கிடைக்கிறதா அல்லது ஈரோட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்டால் பதில் நேராக வரும். ஆர்டர் போடும்போது பாடி கட்டும் வேலையை எந்தப் பட்டறை, எத்தனை கிலோ இரும்பு, எத்தனை அடி உயரம் என்று எழுதி வாங்கிக்கொண்டு, அந்த உயரம் ஆர்.சி.யில் ஏறுமா என்பதையும் அன்றே கேட்டுவிட வேண்டும்.